காக்டெயில் வளர்க்கிறீர்களா? முதலில் மின்விசிறியைப் பாருங்கள்

கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் நிமிர்ந்த கொண்டை, ஆள் வரும் சத்தம் கேட்டால் ஒரு விசில். அடுக்குமாடி வீட்டு பால்கனிகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது காக்டெயில். பார்க்கக் கிளி மாதிரி இருந்தாலும் இது காக்கட்டூ குடும்பத்தின் கடைக்குட்டி. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளிகளில் கூட்டமாகத் திரிந்து, தரையில் இறங்கிப் புல் விதை பொறுக்கித் தின்னும் பறவை. தீனிச் செலவு குறைவு, பச்சைக்கிளி அளவுக்குக் கத்தாது, சீக்கிரம் பழகிவிடும். அதனால் கூண்டோடு வாங்கி வந்துவிடுகிறோம். வந்த பிறகு அது கூண்டுக்குள் மட்டும் வாழ்வதில்லை. நம் அடுப்பு, மின்விசிறி, கொசுவர்த்தி, தீபாவளி எல்லாவற்றோடும் சேர்ந்துதான் வாழ்கிறது. கூண்டைப் பற்றி யோசிப்பதில் பாதியாவது வீட்டைப் பற்றி யோசித்தால் பறவை பிழைக்கும். அந்தக் கணக்கில் சில குறிப்புகள்.

1. நல்ல கவனிப்பில் காக்டெயில் 15 முதல் 20 ஆண்டுகள் இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அடம்பிடித்து வாங்கிய பறவை, அந்தப் பிள்ளை படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும். அப்போது கூண்டைக் கழுவப்போவது யார் என்று உங்களுக்கே தெரியும். வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவையும் அவரே எடுக்கட்டும்.

2. காக்டெயிலின் உடலில் பவுடர் போல உதிரும் ஒரு வகை மென்சிறகு உண்டு. கறுப்புச் சட்டையோடு தோளில் ஏற்றிப் பாருங்கள், வெள்ளைத் தூசி படிந்திருக்கும். வீட்டில் ஆஸ்துமா, தும்மல் தொல்லை உள்ளவர் இருந்தால், வாங்குவதற்கு முன் பறவை வளர்க்கும் வீடு ஒன்றில் அவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கூண்டைச் சுற்றித் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் தூசி கிளம்பாது.

3. சட்டப்படி பிரச்சினை வருமா என்று பலர் கேட்கிறார்கள். நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காக்டெயில் வெளிநாட்டு இனம், நம் நாட்டிலேயே கூண்டில் பிறந்து பெருகுவது. அந்தத் தடை இதற்கு இல்லை. மக்காவ், ஆப்பிரிக்கன் கிரே போன்றவை சைட்டீஸ் என்னும் சர்வதேசப் பட்டியலில் இருப்பதால் அவற்றை அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். காக்டெயில் அந்தப் பட்டியலிலும் இல்லை. விற்கும் கடைக்குத்தான் கட்டுப்பாடு: செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி அது மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழை மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

4. ‘கையில ஊட்டி வளர்த்தா நல்லா பழகும்’ என்று சிறகு முளைக்காத குஞ்சையும் ஒரு சிரிஞ்சையும் தந்து அனுப்பும் கடைகள் இருக்கின்றன. வாங்காதீர்கள். கூழின் சூடு கொஞ்சம் கூடினால் குஞ்சின் இரைப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காது, அவசரமாக ஊட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும். தானாகத் தீனி கொறிக்கும் குஞ்சு, அதாவது 8 முதல் 10 வாரம் ஆனது, அதே அளவுக்குப் பழகும். கடைக்காரர் ஊட்டி வளர்த்ததை, ஊட்டல் முடிந்த பிறகு வாங்குவதே புத்திசாலித்தனம்.

5. கடையில் பறவைக்கு அருகே போகாமல், சற்றுத் தள்ளி நின்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். அருகே போனால் நோயுற்ற பறவைகூடச் சுதாரித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். சிறகை உப்பிக்கொண்டு மூலையில் தூங்குவது, மூக்குத் துளையில் ஈரம், ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டியிருப்பது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

6. “ஜோடியா எடுத்துக்கங்கக்கா, ஒத்தையா இருந்தா ஏங்கிப் போயிடும்” என்பார் கடைக்காரர். அவர் சொல்வதில் வியாபாரமும் உண்டு, உண்மையும் உண்டு. இது கூட்டப் பறவை. பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியாக இருந்தால் சிறகைப் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்குப் போகும். வீட்டில் பகலில் ஆள் இருந்து, தினமும் இரண்டு மூன்று மணி நேரம் அதோடு செலவழிக்க முடிந்தால் ஒன்று போதும். உங்களையே கூட்டமாக ஏற்றுக்கொள்ளும். எல்லோரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஆணாக இருந்தாலும் ஒத்துப்போகும், முட்டைத் தொல்லையும் இல்லை.

7. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸோடு ஒரே கூண்டில் போடவே கூடாது. அளவில் சிறியதாக இருந்தாலும் அவை காக்டெயிலின் கால்விரலைக் கடித்துக் குதறிவிடும்.

8. ஆணா பெண்ணா என்பது சாம்பல் நிறப் பறவையில் முதல் இறகு உதிர்ப்புக்குப் பிறகு, ஏறத்தாழ ஆறு மாதத்தில், தெரியும். ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகும். பெண்ணுக்கு முகம் மங்கலாகவே இருக்கும், வாலின் அடிப்பக்கத்தில் குறுக்குக் கோடுகள் நிற்கும். விதவிதமாக விசிலடிப்பதும் கூண்டுக் கம்பியில் அலகால் தாளம் போடுவதும் பெரும்பாலும் ஆண்தான். பாட்டுக்காக வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்குங்கள்.

9. நிறத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன் இரண்டு விஷயங்கள். வெள்ளை மஞ்சளாக இருக்கும் லுட்டினோ வகையில் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை இருப்பது பரம்பரை. நோய் என்று பயப்பட வேண்டாம். முத்து முத்தாகப் புள்ளி வைத்த ‘பேர்ல்’ வகையில் ஆண் பறவை வளர்ந்ததும் புள்ளிகளை இழந்து சாதாரணச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

10. ஒரு பறவைக்குக் கூண்டு குறைந்தது 2 அடி நீளம், ஒன்றரை அடி ஆழம், 2 அடி உயரம். நீளம் கூடினால் இன்னும் நல்லது. உயரம் மட்டும் கூடிப் பயனில்லை, அது பக்கவாட்டில் பறக்கும் பறவை. கம்பி இடைவெளி முக்கால் அங்குலத்தைத் தாண்டினால் தலையை நுழைத்துக்கொள்ளும். கொஞ்சம் கம்பிகளாவது படுக்கை வசத்தில் இருக்க வேண்டும், ஏறி இறங்க. வட்டக் கூண்டு அழகுக்குச் சரி, பறவைக்கு ஒதுங்க ஒரு மூலை கிடைக்காது.

11. புது ஜிஐ வலையில் கூண்டு அடித்தால், உடனே பறவையை விடாதீர்கள். வலையில் துத்தநாகப் பொடியும் திப்பியும் ஒட்டியிருக்கும், கொறித்தால் விஷம். வினிகர் தொட்டு பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள்.

12. கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டுக் கொய்யாக் கிளை, வேப்பங்கிளை கட்டுங்கள். ஒரே பருமனில் இல்லாமல் மேடு பள்ளமாக இருந்தால்தான் பாதத்துக்கு நல்லது. மாதக்கணக்கில் ஒரே குச்சியில் நின்றால் உள்ளங்காலில் புண் வரும். பட்டையை உரித்துப் பொழுதுபோக்கவும் ஆயிற்று. மருந்தடித்த மரத்துக் கிளை, அரளி இரண்டும் கூடாது.

13. கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும், நம் கண் மட்டத்து உயரத்தில். நான்கு பக்கமும் திறந்திருந்தால் எந்தப் பக்கம் ஆபத்து வருமோ என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பால்கனியில் வைத்தால் காக்கை வரும், பூனை வரும். கம்பிக்கு வெளியே நீட்டிய வாலையும் காலையும் காக்கை கொத்தும். பால்கனி பகலில் சற்று நேரக் காற்றுக்கு, நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

14. மின்விசிறி. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு குறிப்பை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படியுங்கள். கூண்டைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்து, இறக்கை முழுவதும் நின்ற பிறகே திறக்க வேண்டும். பயந்தால் காக்டெயில் நேராக மேலே எழும்பும். மேலே இருப்பது சுழலும் விசிறி. பவர்கட்டில் விசிறி நின்றிருக்கிறதே என்று திறந்துவிட்டால், கரண்ட் வந்ததும் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். சுவிட்ச் ‘ஆஃப்’பில் இருக்கிறதா என்பதே கேள்வி. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பறவைப் படம் ஒட்டி வைப்பது வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் ஞாபகப்படுத்தும்.

15. அதே நேரத்தில் பார்க்க வேண்டிய மற்றவை: பாத்ரூமில் மூடாத வாளி, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, திறந்த ஜன்னல், மூடியிருந்தாலும் திரை போடாத கண்ணாடி. கண்ணாடி இருப்பதே தெரியாமல் முழு வேகத்தில் மோதும். கதவுக்குப் பின்னால், கதவின் மேல் விளிம்பில் உட்காருவது இதற்குப் பிடித்தமான வேலை. யாராவது சட்டென்று சாத்தினால் அவ்வளவுதான்.

16. நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பூச்சிலிருந்து ஒரு புகை கிளம்பும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. அடுத்த அறையில் இருக்கும் பறவை சில நிமிடங்களில் விழுந்துவிடும். பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து வேலை செய்வதால், உள்ளே போகும் காற்றிலிருந்து நம்மைவிட அதிகமாக அது உறிஞ்சிக்கொள்கிறது. நச்சும் அப்படியே போகிறது. பறவை உள்ள வீட்டில் இரும்புத் தோசைக்கல், எவர்சில்வர், மண்சட்டி போதும். சாண்ட்விச் மேக்கர், ஏர் ஃப்ரையர் ஆகியவற்றின் உட்பூச்சும் பெரும்பாலும் இதே வகைதான் என்பதை மறந்துவிடுகிறோம்.

17. கொசுவர்த்திச் சுருள், லிக்விட் மெஷின், கரப்பான் ஸ்பிரே, ரூம் ஃப்ரெஷ்னர், வாசனை மெழுகுவர்த்தி, சிகரெட் எதுவும் பறவை இருக்கும் அறையில் வேண்டாம். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் நமக்கும் நிம்மதி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடுகளில் கூண்டைப் புகை போகாத அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள். புகை முழுக்க அடங்கிய பிறகு திரும்பக் கொண்டு வாருங்கள். போகி அன்று விடியற்காலையில் ஜன்னல் அனைத்தும் மூடியிருக்கட்டும்.

18. தீனிக்குக் கடைக் கலவையில் பாதி சூரியகாந்தி விதையாக இருக்கும். பிள்ளைகள் மிக்சரில் முந்திரியைப் பொறுக்குவதைப் போல அதை மட்டும் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவிடும். கொழுப்பு ஏறும், ஈரல் கெடும். தினை, சாமை, கேனரி விதை, உடைக்காத ஓட்ஸ் இவற்றை அடிப்படையாக வைத்து நாமே கலந்துகொள்ளலாம். சூரியகாந்தி நாளுக்கு ஐந்தாறு விதை, அதுவும் கையிலிருந்து, பழக்குவதற்கான லஞ்சமாக. ஒரு பறவைக்கு நாளுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி தானியம் தாராளம். தமிழ்நாட்டில் சிறுதானியம் கிடைக்காத ஊரே இல்லை; உமி நீக்காததாகக் கேட்டு வாங்குங்கள், உமியை உரிப்பதில்தான் அதற்குச் சுகம்.

19. கிண்ணத்தில் தீனி நிறைந்திருப்பதாகத் தோன்றும். அது வெறும் உமியாக இருக்கும். காக்டெயில் விதையை அலகில் உருட்டி, உள்ளீட்டை மட்டும் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் போடும். அடியில் விதை இருந்தாலும் மேலே படர்ந்த உமியைக் கிளறத் தெரியாமல் பட்டினி கிடக்கும் பறவைகள் உண்டு. காலையும் மாலையும் கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துப் போய் மெதுவாக ஊதிவிட்டுப் பாருங்கள். என்ன மிஞ்சுகிறதோ அதுதான் தீனி.

20. தானியம் மட்டும் தின்று வாழும் பறவைக்கு வைட்டமின் ஏ குறையும். சளி, மூச்சுத் தொல்லை எல்லாம் அதன் பின்னால் வரும். முருங்கைக்கீரைதான் கைவசம் உள்ள மருந்து. ஒரு கொத்தை ஈரத்தோடு கூண்டின் மேல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தொங்கித் தொங்கி உருவித் தின்னும். துருவிய கேரட், சிவப்புக் குடைமிளகாய், வேகவைத்த சர்க்கரைவள்ளி, கொத்தமல்லி, முளைகட்டிய பச்சைப்பயறு ஆகியவையும் சரி. முதல் நாள் திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டு மூன்று வாரம் விடாமல் வையுங்கள். அதன் கண் முன்னால் நீங்கள் தின்று காட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விட்டால் புளித்துவிடும்.

21. பெல்லட் தீனிக்கு மாற்ற நினைத்தால் படிப்படியாக மாற்றுங்கள். பசித்தால் தின்னும் என்று விதையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. தெரியாத பொருளைத் தீனி என்று ஏற்காமலே பட்டினி கிடந்து சாகும் பிடிவாதம் இதற்கு உண்டு.

22. கொடுக்கவே கூடாதவை: வெண்ணெய்ப்பழம் என்னும் அவகேடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்பும் எண்ணெயும் சேர்ந்த முறுக்கு மிக்சர் வகைகள். தயிர்ச்சாதம் ஒரு வாய் ஊட்டும் பாசமும் வேண்டாம். பால் பொருளைச் செரிக்கும் ஏற்பாடு பறவை வயிற்றில் கிடையாது. நம் வாயிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் கூடாது, நம் எச்சிலில் உள்ள கிருமி அதற்கு ஆகாது.

23. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. செல்லப்பிராணிக் கடையில் விலை சொல்கிறார்களா? நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கேளுங்கள், அதேதான். மிருதுவான பக்கம் பறவையைப் பார்த்திருக்கும்படி கட்டுங்கள். இறகு உதிர்க்கும் காலத்தில் வாரம் ஒருமுறை வேகவைத்த முட்டையை ஓட்டோடு மசித்துக் கொஞ்சம் வைக்கலாம்.

24. மழைக்காலத்தில் தானியம் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். வாங்கியதும் அலசி, வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். முகர்ந்தால் முக்கல் வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். எறும்புக்குச் சாக்பீஸும் பொடியும் கூண்டுப் பக்கமே வரக் கூடாது. ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பாட்டி மீன் வறுவலைக் காப்பாற்றிய அதே வழி.

25. குடிக்கும் தண்ணீர் நாம் குடிப்பதுதான், நாளுக்கு இரண்டு முறை மாற்றியது. குச்சிக்கு நேர் கீழே கிண்ணத்தை வைத்தால் எச்சம் அதில்தான் விழும். வைட்டமின் சொட்டுகளைத் தண்ணீரில் கலப்பது நல்ல பழக்கமில்லை. சுவை மாறினால் குடிப்பதைக் குறைத்துவிடும், வெயிலில் கிருமியும் பெருகும்.

26. இரவில் 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். சீரியல் ஓடும் ஹாலில் பதினொரு மணி வரை விழித்திருக்கும் பறவை மறுநாள் கடிக்கத்தான் செய்யும்.

27. காக்டெயிலுக்கே உரிய ஒரு தொல்லை, இரவுப் பீதி. நடுநிசியில் கூண்டுக்குள் படபடவென்று ஒரு பெருஞ்சத்தம். பறவை இருட்டில் திசை தெரியாமல் கம்பிகளில் மோதிக்கொண்டிருக்கும். சுவரில் ஓடிய பல்லி, தெருவில் திரும்பிய வண்டியின் வெளிச்சம், எலி என்று எதுவும் காரணமாகலாம். உடனே விளக்கைப் போடுங்கள், வழக்கமாகப் பேசும் குரலில் பெயர் சொல்லிப் பேசுங்கள், கையை உள்ளே விடாதீர்கள். அடங்கிய பிறகு இறக்கை நுனியில் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வராமல் தடுக்க ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும்; முழு இருட்டுதான் எதிரி. கரண்ட் போனாலும் எரிவது மாதிரி இன்வெர்ட்டரிலோ சார்ஜ் விளக்கிலோ ஏற்பாடு செய்யுங்கள். கூண்டைத் துணியால் மூடுவதானாலும் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும்.

28. தீபாவளி வாரம் கூண்டைத் தெருப் பக்கம் இல்லாத உள்ளறைக்கு மாற்றுங்கள். ஜன்னலுக்குக் கனமான போர்வை, அறைக்குள் விளக்கு, மெல்லிய சத்தத்தில் பாட்டு அல்லது டிவி. கூண்டுக்குள் ஊஞ்சல், கண்ணாடி போன்ற மோதக்கூடிய பொருள்களை அந்த நாட்களில் எடுத்துவிடலாம். வீட்டு வாசலில் வெடிக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பறவைக்காக என்றால் கேட்டுக்கொள்வார்கள்.

29. வறண்ட நாட்டுப் பறவைதானே, சித்திரை வெயிலைத் தாங்கும் என்று விடக் கூடாது. அங்கே நிழலுக்கும் நீர்நிலைக்கும் அது பறந்து போய்விடும். கூண்டில் போக வழியில்லை. அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தால் உஷ்ணம் தாக்கிவிட்டது என்று பொருள். குளிர்ந்த அறைக்கு மாற்றிக் காலிலும் இறக்கையின் அடியிலும் சாதாரணத் தண்ணீர் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

30. குளியலுக்கு ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர், முகத்தில் நேராக அடிக்காமல் மேலிருந்து தூறலாக விழும்படி. பிடித்துவிட்டால் இறக்கையை விரித்துத் தலைகீழாகத் தொங்கி நனையும். காலை வேளையில் மட்டும். இரவுக்குள் காய்ந்துவிட வேண்டும். தூசித் தொல்லையும் இதனால் பாதி குறையும்.

31. பழக்குவதற்கு ஆயுதம் தினைக்கதிர். முதல் சில நாள் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும். பிறகு கம்பி வழியாகக் கதிரை நீட்டுங்கள். அது தின்ன வரும்போது கை அசையக் கூடாது. அடுத்து கதவைத் திறந்து கதிரோடு கையை உள்ளே வையுங்கள். கதிரை எட்ட வேண்டுமானால் உங்கள் விரலில் ஒரு காலை வைத்தாக வேண்டும் என்ற தூரத்தில் பிடியுங்கள். ஒரு கால் வந்துவிட்டால் மறுகால் தானே வரும். ஒவ்வொரு அமர்வும் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும், அது சலிக்கும் முன். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், கத்தாதீர்கள்; இரண்டையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது ஆபத்து. பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பு விரிந்தால்தான் மூச்சு.

32. கொண்டையைப் பார்த்துப் பேசுங்கள். குத்திட்டு நின்றால் திகைப்பு அல்லது பயம். தலையோடு படிந்து, அலகு திறந்து ‘ஸ்ஸ்’ என்றால் தொடாதே. பாதி சாய்ந்து, அலகை ‘கர கர’ என்று அரைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால் தூக்கம் வரும் திருப்தி. தலையைக் குனிந்து நீட்டினால் பிடரியைச் சொறிந்து விடு என்று உத்தரவு.

33. நீங்கள் அறையை விட்டுப் போனதும் கத்துவது அடம் அன்று. கூட்டத்தில் ஒன்றையொன்று தேடிக் கூப்பிடும் வழக்கம். அடுக்களையிலிருந்து ஒரு விசில் திருப்பி அடியுங்கள், அடங்கிவிடும். பேச்சு இதற்குச் சில சொற்களுக்கு மேல் வராது. காலிங்பெல்லும் ரிங்டோனும் நன்றாக வரும்.

34. சமையலறை டிஜிட்டல் தராசுதான் வீட்டில் வைக்கக்கூடிய நல்ல மருத்துவக் கருவி. வளர்ந்த காக்டெயில் ஏறத்தாழ 80 முதல் 120 கிராம் இருக்கும். வாரம் ஒருமுறை, காலையில் தீனிக்கு முன், தராசின் மேல் ஒரு சிறு கூடையை வைத்து அதில் ஏறப் பழக்கி, எடையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இறகு உப்பி இருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது; நோயைக் கடைசிவரை மறைப்பது பறவையின் இயல்பு. பத்தில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தால் மருத்துவரிடம் போங்கள், ‘நல்லாத்தானே இருக்கு’ என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

35. கூண்டின் அடியில் மரத்தூளுக்குப் பதில் பழைய நாளிதழ் விரியுங்கள். எச்சம் தெளிவாகத் தெரியும்: பச்சை அல்லது பழுப்பில் ஒரு சுருள், அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு, சுற்றிலும் தெளிந்த நீர். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், ரத்தம் தெரிந்தால், செரிக்காத விதை வந்தால், அந்தத் தாளையே மடித்து மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

36. நோயுற்ற பறவைக்கு முதல் உதவி வெதுவெதுப்பு. சிறு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்துக்கு வெளியே குண்டு பல்பு எரியட்டும். சூடு பிடித்தால் விலகிப் போக மறுபக்கம் இருக்க வேண்டும். மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கரைத்து ஊற்றுவது வேண்டாம். எல்லாக் கால்நடை மருத்துவரும் பறவை பார்ப்பதில்லை. உங்கள் ஊரில் யார் பார்க்கிறார் என்று பறவை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கிறார்கள். உங்களுக்கே விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், பறவை வளர்ப்பதை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிளியினங்களிலிருந்து தொற்றும் சிட்டகோசிஸ் என்னும் நோய் ஒன்று உண்டு, மருந்தும் உண்டு.

37. இறகு உதிரும் காலத்தில் தலையில் முள் முள்ளாக முளைக்கும். புதிதாக வளரும் பெரிய இறகின் தண்டில் ரத்தம் ஓடும். அது உடைந்தால் சொட்டும். கார்ன்ஃப்ளார் மாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் தாமதிக்கக் கூடாது. இவ்வளவு சிறிய உடம்பில் இழக்க ரத்தம் அதிகமில்லை.

38. இறக்கையை வெட்டலாமா? வெட்டினால் பறந்து தப்பாது என்பது பாதி உண்மை. பலத்த காற்றில் வெட்டிய இறக்கையோடும் மரம் ஏறிவிடும், பிறகு இறங்கத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் வெட்டி விற்பது இன்னும் மோசம், கிறுகிறுத்து மார்பு அடிபட விழும். பறப்பதுதான் அதற்கு உடற்பயிற்சி. என் கட்சி, ஜன்னலுக்கு வலை அடியுங்கள், இறக்கையை விட்டுவிடுங்கள்.

39. ஆண் இல்லாமலே பெண் முட்டையிடும். பொரிக்காது என்று உடனே எடுத்துவிட்டால், குறைந்ததை ஈடுகட்ட மேலும் மேலும் இடும். எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும். மூன்று வாரம் அடைகாத்து அதுவே சலித்துப் போகட்டும். முட்டையிடுவதைக் குறைக்க, மாலை சீக்கிரமே இருட்டாக்குங்கள். கண்ணாடி, பெட்டி, அலமாரி இடுக்கு எதுவும் எட்டக் கூடாது. முதுகைத் தடவாமல் தலையை மட்டும் தடவுங்கள். உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கினால் முட்டை சிக்கிக்கொண்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவர்.

40. குஞ்சு வேண்டும் என்றால் ஜோடிக்கு ஒன்றரை வயது ஆகட்டும். ஒரு அடி நீள அகல உயரத்தில் மரப்பெட்டி. பெரும்பாலும் நாலைந்து முட்டை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பகலில் அப்பாவும் இரவில் அம்மாவும் மாறி மாறி அடைகாக்கும். 18 முதல் 21 நாளில் பொரியும். ஐந்து வாரத்தில் குஞ்சு பெட்டியை விட்டு வெளியே வரும். வருடத்துக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் வேண்டாம், பெட்டியை எடுத்துவிடுங்கள். குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்று பெட்டி மாட்டும் முன்பே யோசிப்பது நல்லது.

41. புதுப் பறவை வாங்கினால் ஒரு மாதம் தனி அறை, தனிக் கிண்ணம். பழைய பறவைக்குத் தீனி வைத்துவிட்டுப் பிறகு புதியதைக் கவனியுங்கள், முறை மாறக் கூடாது.

42. பறந்துவிட்டதா? எந்தத் திசையில், எந்த உயரத்தில் போகிறது என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். வீட்டில் ஒருவர் பின்னாலேயே ஓடட்டும். மொட்டைமாடியில் கூண்டைத் திறந்து வைத்து, தினைக்கதிரைப் பார்வையாகத் தொங்கவிட்டு, வழக்கமான விசிலை விடாமல் அடியுங்கள். இதற்காகவே அதன் குரலை, ஜோடி இருந்தால் ஜோடியின் குரலை, செல்போனில் இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் உட்கார்ந்திருந்தால் ஏறிப் பிடிக்கப் போகாதீர்கள், இன்னும் தூரம் போகும். காக்கைகள் கூடிக் கத்தும் இடத்தைத் தேடினால் அங்கே இருக்கும். இருட்டிவிட்டால் இருந்த கிளையிலேயே தங்கிவிடும். விடிவதற்கு முன்பே போய் மரத்தடியில் நில்லுங்கள். பசியோடு விழிக்கும் அந்த நேரம்தான் கைக்கு வரும் நேரம். அதற்குள் இஸ்திரி போடுபவர், வாட்ச்மேன், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் படத்தைக் காட்டிவிடுங்கள். தெருவில் மேலே பார்த்து நடப்பவர்கள் அவர்கள்தான்.